யானை குளித்த பக்கம்

காலையில் நகத்தைக் கடிக்க ஆரம்பித்த தலைமையாசிரியை, பத்து மணிக்குள் முழங்கைக்கு வந்துவிட்டார். அதிகாரி வரும் நாள். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியதற்கு ஆதாரம் காட்டினால் பள்ளிக்கூடம் பிழைக்கும், இல்லையென்றால் பூட்டு. பூட்டினால் அத்தனை பொடிசுகளும் பெரிய சாலையைத் தாண்டித்தான் அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். லாரிகள் பேய் பிடித்துப் பறக்கும் அந்தச் சாலையைக் கடக்க நின்றவர்களுக்கு நின்ற இடத்திலேயே தலை நரைத்துவிடும்.

ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கவைத்து, பிழைகளைக் குறித்து, வரைபடம் போட்டிருந்தார்கள். கோடு ஏறிய ஏற்றத்தில் தாளுக்கு மேல் தாள் ஒட்டி, அது சுவரைத் தாண்டி, கூரையில் மடங்கி, மின்விசிறிக்குப் பயந்து நின்றது.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன்" என்று வகுப்பறையிலிருந்து, அதே பள்ளியில் ஆசிரியையான நாத்தனார் கூப்பிட்டாள். வரைபடத்துக்கான வாசிப்புச் சோதனை முழுக்க அவள் பொறுப்பு.

உள்ளே 'சைரன்' நின்றிருந்தாள். அந்தப் பொடிசு வாயைத் திறந்தால் தெருக்கோடியில் தூங்கும் நாய் எழுந்து உட்காரும். "யானை குளத்தில் இறங்கியது!" என்று தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தாள் தலைகீழாக இருந்தது.

தலைமையாசிரியை வேறொரு புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். "இதைப் படிம்மா."

"யானை குளத்தில் இறங்கியது!"

பக்கத்துப் பையன் புத்தகத்தை வாங்குவதற்கு முன்பே யானையைக் குளிப்பாட்டிவிட்டான்.

"அடிப்பாவி! இத்தனை வெள்ளிக்கிழமையும் ஒரே பக்கமா?"

"நீங்கதானே சொன்னீங்க, அளவுகோல் மாறக்கூடாது, மாறினா ஒப்பிட முடியாதுன்னு!"

"பக்கம் மாறலாம்டி, கஷ்டம்தான் மாறக்கூடாது!"

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன? எங்க அண்ணனைக் கட்டின தோஷம், உங்களுக்கும் பாதிப் பேச்சு வயித்துக்குள்ளயே நிக்குது." குரலைத் தாழ்த்தினாள். "மூச்சு விடாதீங்க அண்ணி. அவருக்கும் அதே பக்கத்தைக் குடுத்துடுவோம்."

தலைமையாசிரியை யோசித்துப் பார்த்தார். சொன்னால் லாரி. சொல்லாவிட்டால் இதுகள் ஆயுசுக்கும் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைகள்தான் நசுங்கினார்கள்.

அதிகாரி வந்தார். கழுத்து சுளுக்கும்வரை அண்ணாந்து வரைபடத்தைப் பார்த்தார். "பிரமாதம்மா! எந்தப் பக்கத்தை வச்சு அளந்தீங்க? அதைக் குடுங்க, எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பறேன்."

ஊர் ஊராக யானை குளிப்பது தலைமையாசிரியையின் கண்ணில் தெரிந்தது. "வேண்டாம் சார்" என்றார். "நாங்க அளந்தது வாசிப்பை இல்ல. மனப்பாடத்தை."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நிஜமா எத்தனை பேருக்குப் படிக்க வரும்?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுதினா பூட்டுத்தாம்மா."

"எழுதறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு பக்கம் எடுங்க. ஒவ்வொருத்தரையா கேளுங்க. அப்புறம் பூட்டுங்க." தலைமையாசிரியை கதவை மறித்து நின்றார். அவரை நகர்த்த கிரேன் வேண்டியிருக்கும்.

அதிகாரி பெருமூச்சுவிட்டு உட்கார்ந்து, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். முதலில் சைரன். ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் குரல் பக்கத்துப் பையனுக்குக்கூட எட்டவில்லை. "க... கட்... கட்டில்..." காட்டில் என்பது கட்டிலாகி, ஒரு வரி முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அடுத்தவன் இரண்டு வரி. அதற்கடுத்தவன் அழுதான். ஒருத்தி மட்டும் பக்கம் முழுவதையும் மெதுவாகக் கடந்தாள். மதிய மணி அடித்தும் அதிகாரி எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பிள்ளையும் முடித்ததும் சொன்னார். "பாதிப் பேருக்கு மேல படிக்க வரல."

"ஆமா சார்."

"ஆனா யாருக்கு எது வரலன்னு இப்பத் தெரியுது. அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்க்கறேன். அப்பவும் புதுப் பக்கம், நான்தான் எடுப்பேன். ஏறலைன்னா பூட்டறதைத் தவிர வழியில்லம்மா."

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் பொரிந்தாள். "அரையாண்டு இதோ வந்துரும் அண்ணி! அதுக்குள்ள எப்படி?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" தலைமையாசிரியை அலமாரியிலிருந்து அரிச்சுவடியை எடுத்தார். "புலம்பறதை அப்புறம் வச்சுக்கலாம். சைரனைக் கூட்டிட்டு வா. அவளுக்கு நெடிலே வரல."