சிவப்புப் பொட்டு வைத்த வெட்டுக்கிளிகள்

டிசம்பர் மழைக்குப் பிறகு சித்தூர் மிஷன் சபையின் கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கூடவே வெட்டுக்கிளிகளும் பெருகியிருந்தன. கிறிஸ்துமஸுக்காகச் சபைச் செயலாளர் தேவானந்தம் வாசலில் வைத்த ரோஜாச் செடிகளில் இலையைவிட ஓட்டைகளே அதிகம். பூச்சி மருந்து வாங்கி வந்து ஆலய அறையில் பூட்டி வைத்துவிட்டார்.

அவருடைய தம்பி மகள் கேசியா திருப்பதியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மருந்தடித்தால் வெட்டுக்கிளியோடு அதைத் தின்னும் ஓணானும் குருவியும் சேர்ந்து போகும் என்று அவளுக்குக் கவலை.

"எத்தனை கீதுன்னே தெரியாம மருந்தடிப்பீங்களா பெரிப்பா?"

"நீதான் எண்ணிச் சொல்லேன். ஐநூறுக்குக் கீழ இருந்தா வுட்டுடறேன். மேல போச்சுன்னா சனிக்கிழமை அடிச்சிடுவேன்."

குதிப்பதை எப்படி எண்ணுவது? கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று இருந்தது. கொஞ்சம் பிடித்து, குறி வைத்து, விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடி பிடிக்க வேண்டும். குறி உள்ளவை நிறையச் சிக்கினால் கூட்டம் சிறியது. அரிதாகச் சிக்கினால் பெரியது.

வடமாலபேட்டைப் பக்கத்திலிருந்து வகுப்புத் தோழன் கிரண்குமார் வலையோடு வந்தான். கேசியா சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினாள். நகத்துக்குச் சாயம் பூசாத வீடு அது. அவள் அம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டு, "எனக்கே கல்யாணத்துல இல்ல. வெட்டுக்கிளிக்கு அலங்காரமா?" என்றாள்.

நாற்பது பிடித்து ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்துப் புல்லிலேயே விட்டார்கள்.

"உங்க சர்ச்சுல பொட்டு வைக்க மாட்டீங்களே. இதுங்கள சேத்துக்குவாங்களா?" என்றான் கிரண்.

"நீ வலையப் பிடி."

வெள்ளிக்கிழமை மறுபடி நாற்பது பிடித்தார்கள். பொட்டோடு வந்தது ஒன்றே ஒன்று. நாற்பதுக்கு ஒன்று என்றால் பொட்டு வைத்த நாற்பதுக்கு எத்தனை என்று கிரண் போனில் கணக்குப் போட்டான்.

"ஆயிரத்து அறுநூறு. உன் பெரிப்பா சந்தோஷப்படுவாரு."

கேசியா ஒரு கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானூறுன்னு சொல்லிடேன். அவரு இன்னா, வந்து எண்ணவா போறாரு?"

"எண்ண மாட்டாரு. ஆனா நான் எண்ணினேனே."

அப்போது எதிரே இருந்த கல்லறைச் சிலுவையில் கரிச்சான் குருவி ஒன்று வந்து அமர்ந்தது. கத்தரிக்கோல் போலப் பிளந்த வால். வாயில் ஒரு வெட்டுக்கிளி. அதைக் கல்லில் இரண்டு அடி அடித்துவிட்டு விழுங்கியது. விழுங்குமுன் முதுகில் சிவப்பு தெரிந்தது.

கேசியா எழுந்து சிலுவையின் அடியில் குனிந்து பார்த்தாள். வெட்டுக்கிளிகளின் ஒடிந்த கால்கள், இறக்கைகள், நடுவே சிவப்புத் துணுக்குகள்.

"பச்சைப் புல்லுல சிகப்பு வச்சிக் குடுத்திருக்கோம் கிரண். தேடற வேலையே வைக்கல அதுக்கு."

"நாம எண்ணிக்கினு இருக்கோம், அது துன்னுக்கினு இருக்குது" என்றான் அவன்.

மாலையில் தேவானந்தத்தையே அழைத்து வந்து காட்டினாள். "கணக்கு ஆயிரத்து அறுநூறு வந்தது பெரிப்பா. ஆனா அது தப்பு. பொட்டு வச்சதெல்லாம் குருவி வாயிக்குப் போச்சு. அதான் மறுபடி மாட்டல."

தேவானந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்புத் துணுக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப எல்லாத்துக்கும் பொட்டு வச்சிடு. மருந்தே வேணாம்."

"எல்லாத்தையும் பிடிக்க முடியாது. நல்லா குதிக்கிறது தப்பிச்சிக்கும். அதுங்களுக்குப் பொறக்கறதும் நல்லா குதிக்கும். மருந்தடிச்சாலும் இதே கதைதான். தாங்கினது மிஞ்சும், அதோட பிள்ளைங்களும் தாங்கும். துன்றதுக்கு அப்போ குருவியும் இருக்காது."

"நம்ம கமிட்டி மாதிரி" என்றார் தேவானந்தம். நாலாவது முறையாகச் செயலாளர் ஆனவர் அவர்.

கிரண் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டான். கரிச்சான் மறுபடி புல்லுக்குள் பாய்ந்து எழுந்தது. இந்த முறை வாயில் இருந்தது பொட்டில்லாத வெட்டுக்கிளி. தேவானந்தம் அதையும் பார்த்தார்.

"சரி. பச்சைச் சாயம் வச்சி மறுபடி எண்ணு. அதுவரைக்கும் மருந்து உள்ளயே இருக்கட்டும்" என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பச்சை நெயில் பாலிஷ் வாங்கப் போனவன் கிரண். ஃபேன்ஸி ஸ்டோர் பெண் நாலு பச்சைகளை எடுத்து வைத்து, யாருக்கு என்று கேட்டாள்.

"புல்லு கலர்ல ஒண்ணு குடுங்க" என்றான். "யாரு கண்ணுலயும் படக்கூடாது."