முதலெழுத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு பேருந்தின் தரை. பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள். சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. வண்டி ஓட்டுவது வேறொருவர் என்று அந்தக் காலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறேன். பழக்க தோஷம்" என்று சிரித்தார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டிவிட்டது.

(முதலில் எழுதிய தொடக்கம்: "மனித மூளை ஒரு மாபெரும்…" அடித்துவிட்டேன். மாபெரும் என்று வருகிற எதையும் நானே படிப்பதில்லை.)

2

அவரை டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு கணவர் தேவைப்பட்டார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையும் ஓயாத வாயும் கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்தும் காட்சியைப் பார்த்தால்கூட டீச்சரின் கால் அழுத்தும். அதனால் கணவர் வைத்த பெயர் 'பிரேக்கு'. பிரேக்கு, சாவி எங்க? பிரேக்கு, தூங்கிட்டியா? வேறு யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை.

பிறகு பக்கவாதம் வந்து கணவரின் சொற்களை அள்ளிக்கொண்டு போனது. சொன்னால் புரியும், ஜோக்குக்குச் சிரிப்பார், வாயில் மட்டும் சொல் வராது. பேச்சுப் பயிற்சியில் பட அட்டை காட்டினார்கள். குடை, நாற்காலி, தட்டு. ஒரு நாள் மனைவியை ஆசையோடு பார்த்து, கஷ்டப்பட்டு, "குடை" என்றார். டீச்சர் சிரித்தார். அன்றைய வகுப்பில் ஒரு மாணவரைக் காரணமே இல்லாமல் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

3

பொதுமக்களை ஆராய்ச்சியில் பங்காளிகளாகச் சேர்ப்பது என்றால் என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு: பிஸ்கட், கைதட்டல், குழுவாக ஒரு புகைப்படம். பேச்சிழந்தவர்களின் வீட்டாரை ஆராய்ச்சிக்காக அழைத்த மருத்துவமனைக் கூட்டத்தையும் அப்படித்தான் எழுத ஆரம்பித்தேன். "ஆய்வாளர் ஏளனமாக உதட்டைச்…" ஆனால் அந்த ஆய்வாளர் பெண் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு டீச்சருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"குடைன்னு சொல்லிக் குடுக்கறீங்க டாக்டர். நல்லதுதான். ஆனா எங்க வீட்டுல குடையே கிடையாது. வீட்டுல புழங்கின வார்த்தைய வச்சுப் பழக்கினா சீக்கிரம் பேச்சு வருமா? யாராவது பாத்திருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் பாக்கலக்கா. நாம பாப்போமா?"

பார்ப்பது என்று முடிவானது. பாதிப் பேருக்கு வீட்டுச் சொற்கள், பாதிப் பேருக்குப் பட அட்டைகள், மூன்று மாதம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் சொல்லும். வேண்டியதை நாங்களே எடுத்துக்கொள்கிறோமே என்று ஒரு தகப்பனார் கேட்டார். மறுத்தது டீச்சர்தான்.

"ஆசைப்பட்டவங்க எல்லாம் ஒரே பக்கம் போயிட்டா, பேச்சு வார்த்தையால வந்துச்சா ஆசையால வந்துச்சான்னு எப்படிங்க தெரியும்?"

விதிகளை எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதிக் கொடுத்ததும் அவரே. பட அட்டைக் குழுவினர் மூன்று மாதமும் வீட்டுச் செல்லச் சொற்களைப் பழக்கக் கூடாது. முதலெழுத்தைக்கூட எடுத்துக் கொடுக்கக் கூடாது.

4

டீச்சருக்கு விழுந்தது பட அட்டை.

மாற்றி எழுத என் கை துடித்தது. (கதையில் குலுக்கிய கணினியும் நான்தானே.) எழுதியும் பார்த்தேன், சந்தோஷமான கதை, இங்கேயே முடிந்துபோனது. ஆனால் கூட்டத்தில் அவர் அவ்வளவு பேசிய பிறகு, அவருக்கு வேண்டிய பக்கம் நானே தள்ளிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? உண்மையாகவே ஒரு நாணயத்தைச் சுண்டினேன். பட அட்டைதான்.

ஆய்வாளர் தொலைபேசியில் தயங்கினார். "அக்கா, கஷ்டமா இருந்தா விலகிக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"கேள்வி கேட்டதே நான்தானே டாக்டர். நானே எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

5

மாலையில் சமையலறை மேசையில் அட்டைகளைப் பரப்புவார். தட்டு. தட்டு. நாற்காலி. கணவர் சமர்த்தாகச் சொல்வார். பேச்சு திரும்புவதானால் முதல் மாதங்களில்தான் சுலபம் என்று யாரோ சொன்னது டீச்சரின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போகிற ஒவ்வொரு மாலையும் வீணாகிறதோ?

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, காதோட காதா ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேப்பா."

"தெரிஞ்சா என்ன?"

"நாளைக்கு அவர் கூப்பிட்டா, அவரா கூப்பிட்டாரா, நான் கூப்பிட வச்சேனான்னு காலம் பூரா யோசிச்சுக்கிட்டே கெடக்கணும்."

அவருக்கு ஏக்கமாக இருந்தது. அதை வேறு எப்படியும் நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் உரிமத்தில் அவர் பெயர் இருந்தது, மாணவர்களுக்கு அவர் டீச்சர், கொழுந்தனுக்கு அண்ணி. ஒரே ஒரு வாயில் மட்டும் இருந்த பெயர் அந்த வாயோடு உள்ளே போய்விட்டது. அது எதிரில் உட்கார்ந்து குடை என்கிறது.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: குலுக்கல் முடிந்த பிறகு அந்தப் பெயரை நானும் எழுதவில்லை. வேண்டுமானால் திரும்பிப் பாருங்கள். விதி விதிதான்.)

6

மூன்றாவது மாதம், இன்னும் கொஞ்ச நாள் பாக்கி. பயிற்சி முடிந்து வீடு திரும்புகிறார்கள். கொழுந்தன் ஓட்டுகிறார்; பின்னால் கணவரும் டீச்சரும். சிவப்பு விளக்கு. டீச்சரின் கால் தரையை அழுத்துகிறது.

கணவர் அந்தக் காலைப் பார்க்கிறார். அவருக்குச் சிரிப்பு வருகிறது, பழைய சிரிப்பு. மனைவியின் முழங்காலைத் தட்டுகிறார். உதடுகள் மெல்ல ஒட்டுகின்றன.

டீச்சர் பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

நான் எழுதி அழித்த முடிவுகள்:

அவர் கூப்பிட்டுவிடுகிறார். கொழுந்தன் வண்டியை ஓரங்கட்டி அழுகிறார்.

அல்லது, "குடை" என்கிறார். "ம், சொல்லுங்க" என்கிறார் டீச்சர்.

அல்லது பச்சை விழுந்துவிடுகிறது, பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், போச்சு.

மூன்றும் என் ஆசைகளும் பயங்களும்தான். அவர் வாயிலிருந்து வந்தவை அல்ல. நான் எதை எழுதினாலும் அது அவருக்கு நான் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அதைத்தான் டீச்சர் வேண்டாம் என்று மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சொல் உங்களுக்கும் தெரியும். இந்நேரம் நாக்கு நுனிக்கே வந்திருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நீங்களும் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தாயிற்று.

விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. அவர் உதடுகள் ஒட்டியபடியே இருக்கின்றன. அவரே சொல்லட்டும், இருங்கள்.