நான்காவது மூடி

ஜீப்பை ரிவர்ஸ் எடுக்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வருவதை என் மாமியார் என்னிடம் சொல்லவில்லை. பயிற்சிக்காக வெளியூரில் பத்து நாள் தங்கியிருந்த தன் மகளிடம் போனில் சொன்னார். அவள் எனக்குப் போன் செய்து சொன்னாள். எனக்கும் மாமியாருக்கும் பேச்சு ஏழு மாதமாக இப்படித்தான் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. நானும் அவளும் நாங்களே பார்த்து முடிவு செய்த கல்யாணம். மாமியார் தடுக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. கல்யாணத்தன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரிலேயே இருந்தாலும், "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, வேண்டுமென்று சொல்லிவிடுவாள். என் வயிற்றின் நிலவரத்தை என்னைக் கேட்காமலேயே இரண்டு பேரும் பேசி முடித்துவிடுவார்கள்.

மாமியார் நர்ஸ். வாரத்தில் நாலு நாள் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு மலைமேல் இருக்கிற ஆறு சிற்றூர்களுக்குத் தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு போவார். வழியில் மூன்று இடத்தில் பாலம் கிடையாது. ஓடைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். ஜீப்புக்கு என் மனைவியைவிட வயது அதிகம். நான் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவன், அதனால் சத்தத்தைக் கேட்காமலே எனக்கு நோய் புரிந்துவிட்டது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டின் முனைகளில் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு இருக்கும். அதன் நாலு கையிலும் நாலு மூடி. கிராஸ் என்போம். வண்டி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது தண்டு வளைந்துகொடுத்துச் சுற்றுவது அதனால்தான். அது தேய்ந்தால் சத்தம் வரும். உடைந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வகைக் கிராஸையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். மாமியார் கதவைத் திறந்தார், என் பையைப் பார்த்தார், உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டார். மூன்று முறை அடித்தும் அவள் எடுக்கவில்லை, அங்கே ஞாயிறும் வகுப்பு உண்டு. வேறு வழியில்லாமல் வெளியே வந்து ஜீப்பின் பானெட்டைப் பார்த்து நின்றார். நான் இரண்டையும் அதன்மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இது சீல் போட்டது, உள்ளே கிரீஸ் வைத்தே மூடியிருப்பார்கள், மாட்டிவிட்டு மறந்துவிடலாம், துளை இல்லாத கெட்டி இரும்பு, பலமும் கொஞ்சம் கூடுதல் என்றேன். அது நிப்பிள் வைத்தது, கிரீஸ் ஏற்ற ஒரு சின்ன மூக்கு இருக்கும், அவ்வப்போது அடியில் போய்ப் படுத்து கிரீஸ் அடிக்க வேண்டும், அசட்டையாக விட்டால் கெட்டுவிடும். யாரும் மண்ணில் புரள வேண்டாமே, சீல் போட்டதையே மாட்டலாம் என்று முடித்தேன்.

மாமியார் கெட்டி கிராஸைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு பானெட்டிடம் கேட்டார்: "ஓடைத் தண்ணி இதுக்குள்ள போகுமா?"

கடையில் இந்தக் கேள்விக்கு, சொட்டுகூடப் போகாது என்று எங்களிடம் ஒரு பதில் தயாராக உண்டு. அன்று அது வாய்க்கு வரவில்லை.

"போகவே போகாதுன்னு சொல்ல முடியாதுங்க. போயிட்டா வெளிய எடுக்க வழியில்ல. உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும்."

"உடையறதுக்கு முன்னாடி ஏதாவது காட்டுமா?"

"சில சமயம் காட்டும். சில சமயம் நல்லா ஓடிட்டே இருந்து, ஒரு நாள் திடீர்னு போயிடும்."

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். மற்றதை என் பக்கமாக நகர்த்தினார். "இதையே போடலாம். மாசத்துக்கு ஒரு தடவை அடிச்சுக்கலாம்" என்றார். யார் அடிப்பது என்று நான் கேட்கவில்லை.

தண்டைக் கழற்றி, தேய்ந்த கிராஸைத் தட்டி எடுத்துப் புதியதை மாட்டித் திரும்பப் பூட்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கிரீஸை அழுத்தி ஏற்றும் கன்னை எடுத்தேன். மாமியார் உள்ளே போய் ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். என் கையிலிருந்து கன்னை வாங்கினார். கிழிந்த போர்வையை விரித்து, ஐம்பத்தெட்டு வயதில், சளைக்காமல் ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். நானும் மறுபக்கமிருந்து நுழைந்தேன். நிப்பிளில் எப்படிப் பொருத்துவது என்று காட்டினேன். ஊசி போடுகிற கை; நடுங்காமல் பிடித்து அழுத்தினார். முதல் மூடியின் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை. நாலிலும் வந்தால்தான் உள்ளே முழுக்கப் போனதாக அர்த்தம் என்றேன். அவர் அழுத்த அழுத்த, நான் மரச்சுத்தியால் பக்கத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேருக்கும் மூக்கு நுனியில் வியர்வை.

"மாப்பிள்ளை, வந்துடுச்சு பாருங்க."

நான் கிரீஸைப் பார்க்கவில்லை, என்னைக் கூப்பிட்டவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜீப்பின் வயிற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தன் சரக்கு உடையும்னு சொல்ற கடைக்காரரை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"நீங்க கேட்டீங்களே, அத்தை."

"கேட்டிருக்கேன், எத்தனையோ கடையில." கன்னை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். "உங்கமேல கோவமெல்லாம் இல்ல. முதல் நாள் என்ன பேசறதுன்னு தெரியல. ஒரு மாசம் ஓடிடுச்சு. அதுக்கப்புறம் ஆரம்பிக்க வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, தலையைத் தூக்கி, சேஸிஸ் இரும்பில் நங்கென்று இடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போர்வையே குலுங்கும் அளவுக்குச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாயே, என்ன ஆச்சு என்று மகள் பதறினாள். "ஒண்ணுமில்ல. நாங்க வேலையா இருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்ல முடியுமா, சத்தம் வருகிறதா என்று கூட உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றார். போனேன். மூன்று ஓடையிலும் தண்ணீர் கதவின் கீழ்விளிம்புவரை வந்தது. சத்தம் வரவில்லை. அதைச் சொல்வதற்குள், ஏழு மாதக் கதையையும் சேர்த்து அவர் பேச ஆரம்பித்துவிட்டார். எந்த வளைவில் யார் வீடு, எந்தக் குழந்தை ஊசிக்கு முன்பே அழும், எந்த அப்பா குழந்தைக்கு முன்பே அழுவார் என்று.

முதல் ஊரில் ஒரு மரத்தடியில் தாய்மார்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். அவர் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார், பெட்டியைத் திறந்தார். நான் பேர் எழுதும் நோட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பெண் குழந்தை, ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுது, மூச்சு வாங்க நடுவில் நிறுத்தியது. குனிந்திருந்த மாமியாரின் காதுக்குக் கீழே நேற்றைய கிரீஸ் கறுப்பாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. குழந்தை கண்ணீரோடு கையை நீட்டி அதைத் தொட்டது. பிறகு கறுப்பு ஒட்டிய தன் விரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.