தொப்பிக்காரர் பதிவு செய்த பாட்டு

...சந்தேகமே இல்லை, அத்தையேதான், ஹெட்போன் எவ்வளவு கரகரத்தாலும் அப்பாவின் அக்கா குரல் எனக்குத் தெரியாமல் போகுமா, கோர்ட்டில் எங்கள் மலை மக்களுக்கு மொழிபெயர்க்கிறவள் நான், ஒருவர் வாயைத் திறந்த மாத்திரத்தில் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுவேன், அதற்காகத்தானே பல்கலைக்கழகம் கூப்பிட்டது, அருங்காட்சியகத்தின் புதுக்கூடம் மாலையில் திறப்பதற்குள் ஒலிப்பதிவுகளைக் கேட்டுச் சரிபார்த்துக் கொடுங்கள் என்று. கண்ணாடிக்குள் மீன்கூடை, எலும்பு ஊசி, மரச்சீப்பு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவள் இங்கேதான் நின்றுவிட்டேன். பலகையில், ‘மழை வேண்டும் பழம்பாடல். பாடியவர்: பெயர் தெரியாத பெண்.’ அத்தை எங்கள் மொழியில் பாடுவதோ... தொப்பிக்காரா, வெயிலில் நிற்காதே, மண்டை உருகிவிடும், எதைச் சொன்னாலும் எழுதுகிறாயே, என் மாமியாரையும் அந்தப் பெட்டிக்குள் பிடித்துக்கொண்டு போயேன்... பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள், அத்தை அசரவில்லை, குரலில் பக்தி சொட்டுகிறது, பதிவு செய்ய வந்த ஆராய்ச்சியாளரும் நல்ல பிள்ளையாக மழை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்...

ஐயோ, மகள். இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள், திறப்பு விழாவில் அவளுடைய பாடகர் குழு பாடப்போவது இதைத்தான், அந்த ஆராய்ச்சியாளர் புத்தகத்து மெட்டு, அவருடைய மொழிபெயர்ப்பு, ஒரு மாதமாக வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, வேறு பக்கத்து மலைப் பாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்... சொல்லாமல் விட்டால்தான் என்ன? பாவம், அத்தனை பிள்ளைகள். விட்டால் அத்தை பெயர் தெரியாத பெண்ணாகவே கிடப்பாள், பக்திமானாக வேறு... அத்தையாவது, பக்தியாவது. காப்பாளர் அம்மா எட்டிப் பார்த்து, “எல்லாம் சரிதானே மேடம்?” என்றார். “பேரை மாத்துங்க. இவங்க என் அத்தை. மழையெல்லாம் இல்ல, பதிவு பண்ண வந்தவரை நல்லா கிண்டல் பண்ணியிருக்காங்க,” என்று வரிவரியாகச் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.

ஒத்திகைக்கு வந்திருந்த மகளின் முகம்தான் தொங்கிப்போயிற்று. “அப்ப சாயங்காலம் நாங்க என்னத்தம்மா பாடுறது?” இதையேதான், நிஜ வார்த்தையில, வாங்க நான் சொல்லித் தரேன்... எங்கள் மொழியில் நாலு சொல்கூட வராத பெண், வட்டமாக நின்ற தோழிகளோடு நாக்கை மடக்கி மடக்கிப் பார்க்கிறாள், மாமியார் வரி வந்ததும் மொத்தக் குழுவும் சிரித்துக் குலுங்குகிறது, கோர்ட்டில் நிற்பது போல நிமிர்ந்து நின்று கை தட்டித் தாளம் கொடுத்தேன், இப்போதுதான் பாட்டுக்கு உயிர் வந்திருக்கிறது, அத்தை கேட்டால்... “அம்மா, மெட்டும் அத்தைப்பாட்டி அப்பவே போட்டதா?” ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை எங்கே மெட்டுப் போட்டாள், கல்யாணமோ சாவோ, எங்கோ கேட்ட மெட்டில் தன் வார்த்தையை நுழைப்பாள், அவ்வளவுதான், அப்படியானால் அவள் நுழைப்பதற்கு முன்னால் இதில் என்ன வார்த்தை இருந்தது, எனக்கு ஏன் அது தெரியவில்லை, எதைக் கொடுத்தாலும் மொழிபெயர்க்கிற எனக்கு... தட்டிய கை நின்றுவிட்டது, பிள்ளைகள் நிறுத்தவில்லை... அந்தப் பழைய வார்த்தை ஒருவேளை மழையேதானோ.