டாக்டரம்மா பேசாத ஞாயிறு

பல் டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதில் காட்டுயிர்களைப் படமெடுக்கும் ஆசை பிறந்தது. காமிராவும் முழங்கை நீள லென்ஸும் வாங்கியாயிற்று. பழகுவதற்கு முதலில் அகப்பட்டவை, கிளினிக் ஜன்னலில் வந்து உட்காரும் புறாக்கள். பல்லைப் பாதி தோண்டிவிட்டு, "அப்படியே திறந்து வச்சிருங்க, இதோ வந்துடறேன்" என்று காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். திரும்பி வருவதற்குள் நாற்காலியில் கிடப்பவருக்கு எச்சில் காதுவரை ஓடியிருக்கும்.

"இதுல புறா எங்க டாக்டர்?" நர்ஸ் திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள்.

"ஓரத்துல சாம்பலா ஒரு கோடு தெரியுது பாரு, அதான்."

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் பறவை கோடாகாது என்று புரியவே ஒரு மாதம் ஆயிற்று. அடுத்து ஏரிக்கரை. தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளைக்கு மீன்கொத்தி ஒன்று தினமும் வரும். காமிராவை நிறுத்தும் ட்ரைபாடைத் தூக்கக் கணவரும் கூடவே போனார். பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவர். வாயிலிருந்து வார்த்தை உதிர்வதே அபூர்வம்.

டாக்டரம்மா அப்படியே நேரெதிர். பதில் சொல்ல முடியாமல் வாயைப் பிளந்து கிடப்பவர்களிடமே பேசிப் பேசி வளர்ந்த வாய். "வந்துடுச்சு பாருங்க! அடேயப்பா, என்ன நீலம்!" என்பார். நீலம் பறந்துவிடும்.

வீட்டில் பார்த்தால் எல்லாப் படத்திலும் வெறும் கிளை.

"நீ பேசாம இருந்தா அது உக்காரும்மா," என்றார் கணவர்.

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கரைச் சேற்றில் குப்புறப் படுத்தார். பக்கத்தில் கணவரும் படுத்துக்கொண்டார். ஒரே அமைதி. அந்த அமைதிதான் வினையாயிற்று.

கணவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பச்சை சோபா எனக்குப் பிடிக்கவே இல்ல."

டாக்டரம்மா திகைத்துத் திரும்பினார்.

"உங்கண்ணன் சொல்ற ஜோக்குக்குக் கல்யாணத்துலேர்ந்து சிரிச்சிட்டிருக்கேன். ஒண்ணுகூடப் புரிஞ்சதில்ல."

அந்த முணுமுணுப்பு தவளைச் சத்தத்தோடு கலந்துவிட்டதோ என்னவோ, மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு குறிபார்த்தார். விரல் பொத்தானுக்குப் போயிற்று.

"கடைவாய்ப் பல்லு ஆறு மாசமா வலிக்குது. உன்கிட்ட சொல்லலாம்னா நடுவுல இடமே கிடைக்கல."

"என்னது? ஆறு மாசமாவா? வாயைத் திறங்க!"

மீன்கொத்தி விருட்டென்று பறந்தது. டாக்டரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றுக் கையால் கணவரின் தாடையைப் பிடித்து, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். பல் வேர்வரை சொத்தை.

ஞாயிறென்று பூட்டிக் கிடந்த கிளினிக்கை அன்றே திறந்து பல்லைப் பிடுங்கினார். கை பழக்கத்தில் வேலை செய்தது. வாய்க்குத்தான் பேச்சு வரவில்லை.

மறுநாள் காலை கணவரே ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

"ஏங்க, நேத்து மாதிரி எதாவது பேசுங்களேன்," என்றார் டாக்டரம்மா, சேற்றில் படுத்தபடி.

கணவர் வீங்கிய கன்னத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

மீன்கொத்தி வந்தது. பிடித்த மீனைக் கிளையில் நாலு அடி அடித்து விழுங்கியது, நிதானமாக இறகு கோதியது. டாக்டரம்மா ஆசை தீர எடுத்தார். ஒரு படத்தில் அதன் கண்ணில் சூரியன்கூடப் புள்ளியாகத் தெரிந்தது. கணவர் அதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

வீடு திரும்பும் வழியில் டாக்டரம்மா அந்தப் படத்தை மறுபடி பார்க்கவில்லை. வீக்கம் எப்போது வடியும் என்று கணவரின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.