அடைக்கக் கூடாத பக்கம்

அந்த வீட்டுக் கூரை வெயில் நாட்களில் மட்டும்தான் ஒழுகும். மழையில் ஒரு சொட்டு விழாது. வானம் வெளுத்து, தெருவே போர்வைகளை உலர்த்தும்போது, பின்னறையில் காற்றுக்குழாய் கூரை ஓட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். தொட்டால் சுடும். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் டம்ளரில் பிடித்துத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். நூற்று மூன்று டிகிரி. மறுநாளும் அதே நூற்று மூன்று. அதற்குமேல் அவர் அளக்கவில்லை, அவருக்கும் வேறு வேலை இருந்தது.

வீட்டுக்காரர் கூரை வேலை செய்கிறவர் என்பதுதான் வேடிக்கை. ஊரில் பாதிக் கூரைகள் அவர் கைபட்டவை. குழாயின் அடியைச் சுற்றியுள்ள பழைய தகட்டைப் பெயர்த்துவிட்டு, புதுத் தகட்டின் மேல் விளிம்பை மேலோட்டுக்கு அடியில் செருகி, கீழ் விளிம்பைக் கீழோட்டின் மேல் படியவிட்டு, ஓரத்தில் தார்ப்பசை பூசுவார். மூன்று பக்கம்தான் பூச வேண்டும். கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். தப்பித்தவறி உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். தன் வீட்டுத் தகடு துருப்பிடித்தபோது மட்டும், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அந்த நாளை ஒரு மழைக்காலம் முழுக்க நீண்டது. ஒழுக்கின் அடியில் படுத்திருந்த ஏழு வயது மகள் ஒரு ராத்திரி முழுக்க நனைந்து, காய்ச்சல் கண்டு, ஐந்தாம் நாள் போய்விட்டாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, கொட்டும் மழையில் ஏணி போட்டு ஏறித் தகட்டை மாற்றினார். அழுதுகொண்டே நாலு பக்கமும் பூசிவிட்டார். அன்றைய மழை உள்ளே மாட்டிக்கொண்டது.

பதினோரு வருஷம் அது சொட்டியது. மனைவி தன் கட்டிலை நேராக அதன் அடியில் போட்டுக்கொண்டாள். சொட்டு நெற்றியில் விழுந்தால் சிரிப்பாள், தாமதமானால் கோபித்துக்கொள்வாள். புருஷன் மேலே ஏறிவிடக் கூடாதென்று ஏணியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பிறகு மூச்சு வாங்கியது. ஒழுக்கை நிறுத்தாவிட்டால் இந்த மழைக்காலம் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலை நகர்த்தப் போனால் அவள் கடித்தாள், நிஜமாகவே கடித்தாள்.

அவர் இரவல் ஏணியில் ஏறினார். கீழ் விளிம்பைத் தடவிப் பார்த்தபோதுதான் தான் செய்து வைத்திருந்த காரியம் விரலுக்குத் தெரிந்தது. கத்தியை எடுத்தார். குழாய் வழியாக அவள் குரல் வந்தது.

"என்னங்க, மேலயா இருக்கீங்க?"

"ஆமா. கீழ்ப்பக்கத்தையும் அடைச்சுத் தொலைச்சிருக்கேன். ஒரு கீறல் போட்டாப் போதும், மொத்தமும் வழிஞ்சு ஓடிடும்."

"எங்க ஓடும்?"

"எங்க ஓடும்? சாக்கடைக்குத்தான்."

குழாயில் இருமல் கேட்டது.

"பிள்ளையைச் சாக்கடைல விடப் போறீங்களா?"

அவர் பசையில் கத்தி முனையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை அழுத்தம், அவ்வளவுதான், மனைவி பிழைத்துக்கொள்வாள். வெயில் இறங்கும்வரை அந்தக் கை அழுந்தவில்லை. அவரைக் கோழை என்று பிற்பாடு சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்கள் யாரும் அந்தக் கூரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கத்தியை மடக்கிக்கொண்டு இறங்கி வந்து, அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

மழைக்காலம் பிறந்து இரண்டாம் வாரம் அவள் போய்விட்டாள். அன்றும் விடாத மழை. காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பி, வானம் வெளுத்த முதல் நாள் குழாயின் இடப்பக்கம் ஒரு சொட்டு விழுந்தது, வலப்பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டிலை இரண்டுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டார்.