ஜனாதிபதி வந்துபோன கிளினிக்

ஹேவாஹெட்டப் பாதையிலிருந்து பன்னீர்மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் மூன்று கிலோமீற்றர் ரோட்டில் தார் லொறி ஒன்று முக்கி முக்கி ஏறி வந்ததைப் பார்த்தபோதுதான், ஏதோ பெரிய விஷயம் நடக்கப் போகிறது என்று கிருஷாந்திக்குப் பட்டது. அந்த ரோட்டுக்குத் தார் போடச் சொல்லித் தோட்டத்து ஜனங்கள் பன்னிரண்டு வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனுவை வாங்கியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தார் மட்டும் வரவில்லை. இப்போது கேட்காமலே வந்திருக்கிறது.

கிருஷாந்தி அந்தத் தோட்டத்து மிட்வைஃப். அங்கேயே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, படித்து, பயிற்சி முடித்து, ஆறு வருஷத்துக்கு முன்னர் வெள்ளைச் சீருடையோடு திரும்பி வந்தவள். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், பிள்ளைகளுக்கு ஊசி போட நாள் குறிப்பதும் அவள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னர் ஒரு வெளிநாட்டு அரசாங்கம் கொடுத்த உதவியில் கிளினிக்குக்கு ஓடு வேய்ந்த நல்ல கட்டடம் ஒன்று கிடைத்தது. அந்த நாட்டு ஜனாதிபதிதான் இப்போது இலங்கைக்கு வருகிறார். கண்டிக்கு வருபவர், தங்கள் நாடு கட்டிக் கொடுத்ததை ஒருதடவை கண்ணால் பார்க்க ஆசைப்பட்டாராம்.

"அவரு வர்றதுனால நமக்கு என்னா மிஸ் கெடைக்கும்?" என்று நிஷாந்தினி கேட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டு, கிளினிக் வாசலில் உட்கார்ந்து தார் உருளையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோடு கெடைச்சிருக்கே."

"கிளினிக் கேட் வரைக்குந்தானே போடுறாங்க! அதுக்கு அங்கிட்டு நம்ம லயத்துக்குப் போற ரோடு அப்பிடியேதான் கெடக்கு. ஜனாதிபதி காரு கேட்டோட திரும்பிருமாம்."

கிருஷாந்தி சிரித்துக்கொண்டே அவளுடைய கிளினிக் அட்டையைப் புரட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. இன்னும் போகலையா நீ?"

நிஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடிய ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவளைத் தனியே அனுப்பப் பயந்து கணவன் ஜீவனும் வேலையை விட்டுக் கூடப் போக வேண்டும். ஒரு தடவை பஸ் வரவில்லை. இன்னொரு தடவை பாதி வழியில் வாந்தி எடுத்துத் திரும்பிவிட்டார்கள். இதே மாதிரித் தள்ளிப் போட்ட ஒருத்தியின் இறந்து பிறந்த பிள்ளையைத்தான் போன வருஷம் கிருஷாந்தி துணியில் சுற்றி எடுத்துக்கொடுத்தாள். அந்தப் பாரம் அவள் கையைவிட்டு இன்னும் போகவில்லை.

மறுநாள் யோகநாதன் வந்தார். கண்டியில் சுகாதார அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். வருகைக்கான ஏற்பாடுகள் எல்லாம் அவர் தலையில் விழுந்திருந்தன.

"பிள்ளை, உமக்கு இனிப் பத்து நாளைக்கு நித்திரை இல்லை. எனக்கும்தான்," என்றார் வந்ததும் வராததுமாக.

சொன்னபடியே ஆயிற்று. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கரண்ட் போனால் என்று மின்பிறப்பாக்கியும் வந்தது. எங்கிருந்தோ நாற்பது பூச்சாடிகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. கடைசியாக, வருகைக்கு முதல்நாள் திங்கட்கிழமை, ஒரு லொறியில் மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. திறந்து பார்த்தால் புத்தம் புது ஸ்கேன் மெஷின். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை.

புதன்கிழமைகளில் கிளினிக் பார்க்க வரும் டொக்டர் றுமைஸாவும் அன்றைக்கு வந்திருந்தார். பயிற்சிக் காலத்தில் நூற்றுக்கணக்கான தாய்மாருக்கு ஸ்கேன் பார்த்த கை அவருடையது. இந்தத் தோட்டங்களுக்கு மாற்றலாகி வந்தபிறகு பார்க்க மெஷின்தான் இல்லை. பெட்டியைக் கண்டதும், "மாஷா அல்லாஹ்!" என்று பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார்.

"கனக்கச் சந்தோசப்படாதேங்கோ டொக்டர்," என்றார் யோகநாதன், குரலைத் தாழ்த்தி. "இது விசிற்றுக்கு மட்டும்தான். புதன்கிழமை காலமை லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும்."

டொக்டரின் முகம் வாடியது. கிருஷாந்தி பெட்டியின் மூடியைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள். எந்த ஆஸ்பத்திரியிலாவது கேட்டு வாங்கி வந்திருப்பார்கள், அங்கேயும் தாய்மார் காத்துக்கொண்டிருப்பார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் பதினெட்டு வாகனங்கள் புதுத் தாரில் சத்தமில்லாமல் ஏறி வந்தன. ஜனாதிபதி நெட்டையான மனிதர், நரைத்த தலை. தோட்டத்துப் பிள்ளைகள் கொடுத்த பூமாலையைக் குனிந்து வாங்கினார். வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கிளினிக்கைப் பற்றிய பளபளப்பான கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். கிருஷாந்திக்கும் ஒன்று கிடைத்தது.

ஸ்கேன் அறையில் ஜனாதிபதி நின்றார். மெஷினைப் பார்த்தார். பிறகு கிருஷாந்தியைப் பார்த்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இந்த இயந்திரம் வந்த பிறகு இங்குள்ள தாய்மாருக்கு என்ன மாறியிருக்கிறது என்று கேட்கிறார்."

கிருஷாந்தி வாயைத் திறந்தாள். முந்தாநேற்றுவரை அந்த அறையில் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியும்தான் இருந்தன. என்ன மாறியிருக்கிறது என்று சொல்வது? அவள் தடுமாறுவதைக் கண்ட யோகநாதன் முன்னால் வந்து, "ஒவ்வொரு புதன்கிழமையும் இங்கே ஸ்கேன் பரிசோதனை நடக்கிறது. தாய்மார் பேராதனைக்கு அலையத் தேவையில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஜனாதிபதி மனதார மகிழ்ந்து, கிருஷாந்தியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். ஒன்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்து வாகனங்கள் இறங்கிப் போயின.

அன்றைக்கு முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தான் மரம் மாதிரி நின்றுவிட்டோமே என்று உள்ளுக்குள் அறுத்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே லொறி வந்தது. சாரதி ஹாஷிம் மடவளையைச் சேர்ந்தவர். பூச்சாடிகள் ஏறின, மின்பிறப்பாக்கி ஏறியது. அன்று கிளினிக் நாள் என்பதால் பதினொரு கர்ப்பிணிகள் மர வாங்குகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருஷாந்தி ஸ்கேன் மெஷினைத் தன் கையாலேயே பஞ்சு மெத்தை வைத்துச் சுற்றினாள். போகிற இடத்திலாவது பழுதில்லாமல் வேலை செய்யட்டும் என்று நினைத்தாள்.

"ஏன் மிஸ் இவ்வளவு பக்குவமா சுத்துற?" என்றார் ஹாஷிம். "இது ஸ்டோருக்குத்தானே போற."

"எந்த ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு?"

"ஆஸ்பத்திரி ஒண்டுக்குமில்ல. எங்கட கண்டி ஒபிஸ் ஸ்டோருக்கு. ஒண்டர வருஷமா இந்தப் பெட்டி அங்கதான் கெடந்த. எந்த ஊருக்குக் குடுக்கிற எண்டு இன்னும் முடிவெடுக்கல்லயாம். நான்தான் தூசி தட்டி ஏத்தின."

கிருஷாந்தியின் கைகள் நின்றன. ஒன்றரை வருஷம். போன வருஷம் அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றிய நாளிலும் இந்தப் பெட்டி கண்டியில் ஓர் இருட்டறையில் ஆணியடித்தபடி கிடந்திருக்கிறது.

அவள் மெத்தையை அவிழ்த்தாள். மெஷினை மேசைக்கு நேராகத் தள்ளி வைத்தாள். வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஹாஷிம் அண்ணே, மத்த சாமானெல்லாம் கொண்டுபோங்க. இது இங்கதான் இருக்கும்."

"யா அல்லாஹ், எனக்கு வேல போயிரும் மிஸ்!"

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாவி எங்கிட்டத்தானே இருக்கு."

ஹாஷிம் கைப்பேசியை எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் யோகநாதனின் ஜீப் வந்து நின்றது. அதற்குள் டொக்டர் றுமைஸாவும் வந்து, விஷயத்தைக் கேட்டு, கிருஷாந்தியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்ன பிள்ளை இது? அரசாங்கச் சாமானைப் பூட்டி வச்சிருக்கிறீராம்?"

கிருஷாந்தி சீருடைப் பையிலிருந்து முந்தின நாள் கிடைத்த கையேட்டை எடுத்தாள். "சேர், இன்னைக்கு என்னா கிழமைங்க?"

"புதன். அதுக்கென்ன?"

அவள் கையேட்டை விரித்து, வாங்குகளில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "பன்னீர்மலைத் தாய் சேய் நிலையத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஸ்கேன் பரிசோதனை இலவசமாக நடைபெறுகிறது."

யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழ் நான்தான் எழுதினது," என்றார் மெதுவாக.

"நல்லா எழுதியிருக்கீங்க சேர். இதை ஒரு நாட்டுத் தலைவர் கையில குடுத்திருக்கோம். அரசாங்க முத்திரையும் இருக்கு. நேத்து அவரு எங்கிட்டதான் கேட்டாரு. பதில் சொல்ல முடியாம வெக்கப்பட்டு நின்னேன். அவரு போயிட்டாரு. இந்தா, இவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. இவங்ககிட்ட நீங்க சொல்லுங்க சேர், ஸ்கேன் நடக்காதுன்னு."

பதினொரு பெண்களும் அவரையே பார்த்தார்கள். நிஷாந்தினி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

யோகநாதன் ஒரு நெடிய மூச்சு விட்டார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தாங்கிப் பக்கமாக ஏறிப் போனார். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தூரத்தில் தெரிந்தது. நேரம் போய்க்கொண்டேயிருந்தது. ஹாஷிம் ஒரு பூச்சாடியை லொறியிலிருந்து இறக்கி, பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி ஏற்றினார்.

திரும்பி வந்த யோகநாதனின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"சுகாதாரப் பணிப்பாளர் முதல்ல ஒரேயடியா மாட்டன் எண்டிட்டார். தூதரகத்தில இருந்து ஆராவது ஒரு புதன்கிழமை சும்மா எட்டிப் பாக்க வந்தா என்ன சேர் சொல்லுறது எண்டு கேட்டன். அதோட மனுசன் இறங்கி வந்தார். மூண்டு மாசத்துக்குத் தற்காலிகமா இருக்கட்டுமாம். பிறகு பாப்பமாம்." அவர் டொக்டரைப் பார்த்தார். "டொக்டர், உங்களால ஏலுமோ?"

"எனக்குக் கை துறுதுறுக்குது," என்றார் றுமைஸா. "கிருஷாந்தி, சாவியைத் தாங்க."

மூன்றாவதாகப் படுத்தது நிஷாந்தினி. திரையில் பிள்ளை காலை உதைத்தது தெரிந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் டொக்டர் சிரிக்கவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த ஜீவனையும் உள்ளே கூப்பிட்டு, இருவருக்கும் நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளை சுகமா இருக்கு. பயப்பட வேணாம். ஆனா நஞ்சுக்கொடி கீழ இறங்கி, பிள்ளை வாற வழியை மூடிக்கொண்டு இருக்கு. பேராதனைக்கு இன்றைக்கே கடிதம் தாறேன், கட்டாயம் போய்க் காட்டுங்க. இந்தப் பிள்ளையை ஒப்பரேஷன் செஞ்சுதான் எடுக்கணும். இடையில ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் வீட்டு வைத்தியம் பாக்காம உடனே அம்புலன்ஸுக்குப் போன் அடிங்க. விளங்குதா?"

இந்தத் தடவை அவர்கள் தள்ளிப் போடவில்லை. பேராதனையில் காட்டி, நாளும் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஐந்து வாரம் கழித்து, அந்த நாளுக்கு முன்னதாகவே, ஒரு பிற்பகலில் நிஷாந்தினிக்கு இரத்தம் கண்டது. என்ன செய்வது என்று யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. ஜீவன் அம்புலன்ஸுக்கு அடித்தான். பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் அவளைக் கதிரையோடு தூக்கி, கல்லும் முள்ளுமான லயத்து ரோட்டைத் தாண்டிக் கிளினிக் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து புதுத் தார். முன்பெல்லாம் அம்புலன்ஸ் கீழே பெரிய ரோட்டோடு நின்றுவிடும். இப்போது கேட்டுக்கே வந்து நின்றது. கிருஷாந்தியும் ஏறிக்கொண்டு, வழி நெடுக அவள் கையை விடாமல் பிடித்திருந்தாள். இருட்ட முன்னர் பெண் பிள்ளை பிறந்தது. ஒரு மாதம் முந்திப் பிறந்த சின்ன உடம்பு, ஆனால் தொண்டை பெரியது. தாய்க்கு இரண்டு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். நாலாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து சாப்பிடப் பாண் கேட்டாள்.

மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கிருஷாந்தி பணிப்பாளருக்குக் கடிதம் எழுதினாள். நூற்று முப்பத்தொரு தாய்மாருக்கு ஸ்கேன் பார்த்ததையும், அதில் ஏழு பேரை நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதையும் எழுதி, டொக்டரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இப்போது ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

யோகநாதன் அடுத்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, பணிப்பாளர் கையெழுத்து வைச்சிட்டார். தற்காலிகம் எண்ட சொல்லை வெட்டியாச்சு. இனி அது உங்கட மெஷின்."

கிருஷாந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். வாசலில் அன்றைய வரிசை படி இறங்கி, முற்றம் தாண்டி நீண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலர் நின்றபடியே கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நன்றிங்க சேர். ஆனா இன்னொண்ணு இருக்கு."

"என்ன?"

"வாங்கு பத்தலை. புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க நின்னுக்கிட்டு இருக்காங்க. ஒரு இருபது கதிரை வேணும்."

மறுமுனையில் யோகநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கு இன்னொரு நாட்டு ஜனாதிபதி வரவேணும் போல இருக்கே!"

"வரட்டுமே சேர். வந்தா இந்த தடவை நானே பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, கிருஷாந்தி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.